ஸ்ட்ராட்ஃபோர்ட் அபான் ஏவனில் ஒரு நாள்: எங்கே டிக்கெட் எடுக்கலாம், எங்கே சும்மா நடக்கலாம்

கேள்வி இதுதான். ஜூன் மாதம் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருகிறோம், கூட அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஒதுக்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரைப் பள்ளியில் பாடமாகப் படித்ததோடு சரி. அங்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது, எந்தெந்த வீட்டுக்கு டிக்கெட் எடுப்பது, இல்லை ஊரையே விட்டுவிடலாமா?

விடவேண்டாம், போங்கள். ஆனால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து ஒவ்வொன்றாக ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். அந்த ஊரில் ஷேக்ஸ்பியர் பெயரைச் சொல்லிக் காட்டப்படுவதில் எது அசல், எது பழுதுபார்த்துப் புதுசாக்கியது, எது வெறும் ஊகம் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் பாதியாகக் குறையும். நல்ல விஷயங்களில் பாதி இலவசம், அல்லது சொற்ப நன்கொடைதான். டிக்கெட்டுக்குச் செலவழிக்க வேண்டிய முதல் இடம் வீடு எதுவும் இல்லை, நாடக அரங்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ரயில். லண்டனுக்குள்ளேயே கிழக்குப் பக்கம் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்று ஓர் இடம் இருக்கிறது, 2012 ஒலிம்பிக் நடந்த இடம். டிக்கெட் எடுக்கும்போது முழுப் பெயரையும் பார்த்து எடுங்கள். நமக்கு வேண்டிய ஊர் லண்டனுக்கு வடமேற்கே சுமார் 100 மைலில், வாரிக்‌ஷயரில் இருக்கிறது. மேரில்போன் நிலையத்திலிருந்து போகவேண்டும், நேர் ரயில்கள் குறைவு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெரும்பாலும் நடுவில் ஓரிடத்தில் மாறவேண்டி வரும். பர்மிங்ஹாமில் தெரிந்தவர்கள் இருந்தால் முந்தின இரவு அங்கே தங்கிவிடுவது உத்தமம், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்ட், காட்ஸ்வோல்ட்ஸ், ஸ்ட்ராட்ஃபோர்ட் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பஸ் டூர்களில் இந்த ஊருக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் இருந்தாலே அதிகம். ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டு வாசலில் ஒரு போட்டோ, ஒரு ஐஸ்கிரீம், அவ்வளவுதான் நடக்கும்.

அம்மாவுக்கு நல்ல செய்தி, ஊர் சமதரை. நிலையத்திலிருந்து ஆற்றங்கரை வரை மெதுவாக நடந்தாலே இருபது நிமிடம்தான். 1196இல் ராஜா முதலாம் ரிச்சர்ட் இங்கே வாரச்சந்தை நடத்த அனுமதி கொடுத்தார், அதையொட்டி அப்போதைய வூஸ்டர் பிஷப் மனை பிரித்து நேர்நேராகத் தெரு போட்டார். இன்றைக்கும் நீங்கள் நடப்பது அந்தத் தெருக்களில்தான். ஷீப் ஸ்ட்ரீட், வுட் ஸ்ட்ரீட், பிரிட்ஜ் ஸ்ட்ரீட் என்று பெயர்களைப் பார்த்தாலே எங்கே ஆடு விற்றார்கள், எங்கே விறகு விற்றார்கள் என்று தெரிந்துவிடும். கவிஞரின் ஊர் என்பதெல்லாம் பிற்பாடு வந்தது, அடிப்படையில் இது ஒரு சந்தை ஊர்.

தெருவில் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக வரிசையாக நிற்கும் வீடுகளைப் பார்த்து எல்லாரும் மயங்குவார்கள், நானும்தான். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும், மரத்துக்குக் கறுப்புச் சாயம் அடிப்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்து வழக்கம். ஷேக்ஸ்பியர் நடந்த காலத்தில் ஓக் மரம் பூச்சில்லாமல் சாம்பல் வெள்ளியாக வெளுத்துக் கிடந்திருக்கும், சுவர்கள் காவி கலந்த மஞ்சளாக இருந்திருக்கும். தவிர 1594, 1595 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஊர் தீப்பிடித்து எரிந்தது. ஹை ஸ்ட்ரீட்டில் மரச் செதுக்கல் வேலைப்பாடோடு நிற்கும் ஹார்வர்ட் ஹவுஸ் அந்தத் தீக்குப் பிறகு, 1596இல் கட்டியது. கட்டிய தாமஸ் ரோஜர்ஸின் பேரன்தான் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் ஹார்வர்ட். வெளியே நின்று பார்த்தால் போதும்.

ஹென்லி ஸ்ட்ரீட்டில் இருக்கும் பிறந்த வீடு. அப்பா ஜான் ஷேக்ஸ்பியர் கையுறை தைத்து விற்றவர். அவர் பெயர் ஊர்ப் பதிவேட்டில் முதன்முதலில் வருவது 1552இல், இதே தெருவில் குப்பையைக் குவித்து வைத்ததற்காக ஒரு ஷில்லிங் அபராதம் கட்டியபோது. பதினாறு வருஷம் கழித்து அவரே ஊருக்குத் தலைவர் ஆனார். வீட்டைப் பற்றிச் சொன்னால், அது பின்னாளில் ஒரு பக்கம் சத்திரம், இன்னொரு பக்கம் கசாப்புக் கடை என்று ஆகிப்போனது. 1847இல் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் அதை அப்படியே பெயர்த்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியது, அந்தப் பதற்றத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி 3,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அப்புறம் தீ பரவாமல் இருக்க இரண்டு பக்கத்து வீடுகளையும் இடித்துவிட்டு, பழைய படம் ஒன்றைப் பார்த்து முகப்பைத் திருத்திக் கட்டினார்கள். ஆகவே தெருவில் தனியாக, அழகாக நிற்கும் அந்தத் தோற்றம் 19ஆம் நூற்றாண்டு. உள்ளே இருக்கும் மரச்சட்டமும் கல் பாவிய தரையும் பழசு, கட்டில், துணி, பாத்திரம் எல்லாம் அந்தக் காலத்துப் பாணியில் வைத்தவை.

போகலாமா என்றால், ஒரு தடவை போகலாம், ஆனால் காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். பத்தரை மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டூர் கூட்டமும் சேர்ந்தால் அந்தச் சின்ன அறைகளில் மூச்சுவிட இடம் இருக்காது. மாடிக்கு ஏறவேண்டும், அம்மாவால் முடியாவிட்டால் கீழே அறைகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். மேலே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியை எடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அதன் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலத்தில் வந்தவர்கள் அதில் தங்கள் பெயரைக் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் உட்பட. கோட்டைச் சுவரில் பெயர் எழுதுவதற்கு நம்மூர்ப் பையன்களைத் திட்டுகிறோம், பெரிய மனிதர்கள் செய்தால் அதற்குச் சட்டம் போட்டு விளக்கு வைக்கிறார்கள். தோட்டத்தில் ரவீந்திரநாத் தாகூரின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இறந்து 300 ஆண்டு ஆன 1916இல் தாகூர் அவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார், அந்த உறவில் வந்த சிலை.

அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட் வழியாக நேராக நடந்தால் சாப்பல் ஸ்ட்ரீட் மூலையில் நியூ பிளேஸ். பெயரில் வீடு, நேரில் தோட்டம். 1597இல் ஷேக்ஸ்பியர் வாங்கியது, ஊரின் பெரிய வீடுகளில் ஒன்று, பத்திரத்தில் உள்ள விலை 60 பவுண்டு. நாடகக்காரர் சம்பாதித்து ஊருக்கு வந்து மெயின் ரோட்டில் பெரிய வீடு வாங்கிய கதை, நமக்குப் புதிதா என்ன. அடுத்த வருஷம் தானியத் தட்டுப்பாட்டில் யார் யார் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது இந்த வீட்டில் பத்து குவார்ட்டர் (அந்தக் காலத்துத் தானிய அளவு) மால்ட், அதாவது பீர் காய்ச்ச முளைகட்டி உலர்த்திய தானியம், இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கவிஞர் என்றால் கையில் காசு நிற்காது என்பது இவரிடம் செல்லாது.

வீடு என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரசியம். ஷேக்ஸ்பியர் வாழ்ந்த கட்டடத்தை 1702 வாக்கில் அப்போதைய உரிமையாளர் பெரும்பாலும் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார், அந்தப் புது வீடு பிற்பாடு பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்ற பாதிரியார் கைக்கு வந்தது. ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கட்டை (மல்பெரி) மரம் ஒன்று தோட்டத்தில் நின்றது. அதைப் பார்க்க வந்துபோகிறவர்களின் தொல்லை தாங்காமல் மனுஷன் மரத்தையே வெட்டிப் போட்டார். ஊர்க்காரர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். அப்புறம் வரி விஷயமாக ஊர் நிர்வாகத்தோடு தகராறு முற்றி, 1759இல் வீட்டையே தரைமட்டமாக்கிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். வெட்டின மரத்தை வாங்கிய தாமஸ் ஷார்ப் என்ற கைவினைஞர் அதிலிருந்து பெட்டி, கிண்ணம் என்று செய்து விற்றார், விற்றுக்கொண்டே இருந்தார், ஒரு மரத்தில் அவ்வளவு பெட்டி வருமா என்று அப்போதே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆக, ஷேக்ஸ்பியர் நிச்சயமாகத் தன் பணத்தில் வாங்கி வாழ்ந்து உயிரைவிட்ட வீடு இன்று இல்லை. இதற்கு டிக்கெட் உண்டு. பொய்யாக ஒரு வீட்டைக் கட்டிவைக்காமல் அஸ்திவாரத்தை மட்டும் குறித்துத் தோட்டமாக விட்டிருக்கிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஜூன் மாதம் பூக்கள் நன்றாக இருக்கும். ஆனால் காசை யோசித்துச் செலவழிப்பவர்கள் இதை விடலாம்.

எதிர்முனையில் கில்ட் சாப்பல், ஊர்ச் சங்கத்தின் (கில்ட்) பழைய சிற்றாலயம், இதை மட்டும் விடாதீர்கள், உள்ளே போகக் காசு கிடையாது. பலிபீடத்துக்கு முன்னால் உள்ள வளைவின் மேல் அண்ணாந்து பார்த்தால் இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம் மங்கலாகத் தெரியும், கல்லறையிலிருந்து எழுந்து வருபவர்கள் ஒரு பக்கம், நரகத்தின் வாய் ஒரு பக்கம். இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் ஆன பிறகு தேவாலய ஓவியங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 1563-64 வாக்கில் அந்த வேலைக்கு இரண்டு ஷில்லிங் கொடுத்த கணக்கு இருக்கிறது, அப்போது ஊர்க் கணக்கைப் பார்த்துவந்தவர்களில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர். சுரண்டி எடுக்காமல் மேலே சுண்ணாம்பு அடித்து மூடியதால்தான் 1804இல் பல ஓவியங்கள் மறுபடி வெளியே வந்தன. வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா, இரண்டு ஷில்லிங்குக்கு அவ்வளவுதான் வேலை நடக்குமா, அவரவர் யூகம்.

அதையொட்டிய நீண்ட கட்டடம் கில்ட்ஹால், மாடியில் பள்ளிக்கூடம். ஷேக்ஸ்பியர் படித்ததற்கான வருகைப் பதிவேடு எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் ஊர்த் தலைவர் மகன் ஊர் இலவசப் பள்ளியில் படித்திருப்பார் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. காலை ஆறு மணிக்கே லத்தீன் ஆரம்பம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கீழ்த்தளம். அப்பா தலைவராக இருந்த 1568-69இல் நாடகக் குழுக்கள் முதல் தடவையாக ஊருக்கு வந்து ஊர்ப் பணத்தில் ஆடினார்கள், ராணியின் குழுவுக்கு 9 ஷில்லிங், வூஸ்டர் பிரபுவின் குழுவுக்கு ஒரே ஒரு ஷில்லிங். இந்த மாதிரிக் குழுக்கள் முதலில் ஆடிக் காட்டுவது கில்ட்ஹாலில், பெரியவர்கள் முன்னால். ஐந்து வயதுப் பையன் அப்பா பக்கத்தில் நின்று பார்த்தானா என்று ஆவணம் சொல்லாது, ஆனால் ஊரில் எந்த இடத்திலாவது நின்று கற்பனை செய்யவேண்டும் என்றால் இங்கே நின்று செய்யுங்கள். பிறந்த வீட்டைவிட நான் இதற்கு டிக்கெட் எடுக்கச் சொல்வேன். மாடி வகுப்பறையில் அந்தக் கால வாத்தியார் வேஷத்தில் ஒருவர் பாடம் எடுப்பார், குழந்தைகள் இருந்தால் நன்றாகச் சிரிப்பார்கள். கட்டடத்தை இன்றும் பள்ளி உபயோகிக்கிறது, அதனால் திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சாலையில் இன்னும் பத்து நிமிடம் நடந்து, எலுமிச்சை லைம் இல்லை, லிண்டன் வகை லைம் மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் பாதையில் போனால் ஹோலி டிரினிட்டி தேவாலயம். ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26, அடக்கம் 1616 ஏப்ரல் 25, இரண்டும் இங்கேதான். ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடம். தேவாலயத்துக்குள் போவது இலவசம், கல்லறை இருக்கும் உட்பகுதிக்கு நன்கொடை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை இருக்கும், அப்போது சுற்றிப்பார்க்க முடியாது.

கல்லில் பெயர் இருக்காது, தேடாதீர்கள். நான்கு வரிதான் இருக்கும்: நண்பரே, இயேசுவின் பொருட்டு இங்கே மூடியிருக்கும் மண்ணைத் தோண்டாதீர், இந்தக் கற்களை விட்டுவைப்பவருக்கு ஆசி, என் எலும்பை நகர்த்துபவருக்குச் சாபம் என்கிற பொருளில். ஏதோ மாய மந்திரம் மாதிரி இதைச் சொல்வார்கள், காரணம் ரொம்ப நடைமுறையானது. அந்த நாளில் தேவாலயத்துக்குள் இடம் போதாமல் பழைய எலும்புகளைத் தோண்டிப் பக்கத்திலிருந்த எலும்பு அறையில் போட்டுவிட்டுப் புதியவரைப் புதைப்பார்கள். அந்த அறை 1800 வாக்கில் இடிக்கப்படும்வரை சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அப்புறம், இவ்வளவு உள்ளே இடம் கிடைத்தது அவர் கவிஞர் என்பதற்காக இல்லை, 1605இல் 440 பவுண்டு போட்டு இந்தத் தேவாலயத்துக்குச் சேரவேண்டிய தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒன்று) வருமானத்தில் ஒரு பங்கை வாங்கியிருந்தார், அந்த உரிமையில் வந்த இடம். சாபம் பலித்ததா என்றால், 2016இல் தோண்டாமல் ரேடார் வைத்துப் பார்த்தபோது தலைப் பக்கம் மண் கலைந்திருப்பது தெரிந்தது, மண்டையோட்டை யாரோ எடுத்துப்போனார்கள் என்ற பழைய வதந்திக்கு அதிலிருந்து மறுபடி உயிர் வந்துவிட்டது.

இடது பக்கச் சுவரில் சிலை இருக்கிறது, மனைவியும் மகள்களும் உயிரோடு இருந்தபோதே, 1623க்குள் வைத்தது. அதனால் முகம் ஓரளவு சரியாக இருக்கவேண்டும். பார்த்தால் வட்டிக்கடை முதலாளி மாதிரி இருக்கிறார், அந்த மால்ட் கணக்குக்குப் பொருத்தமாக. 1793இல் ஓர் அறிஞரின் யோசனையைக் கேட்டு முழுக்க வெள்ளை அடித்து, 1861இல் மறுபடி வண்ணம் பூசினார்கள். கையில் இருப்பது உண்மையான இறகுப் பேனா, ஒவ்வொரு வருஷமும் பிறந்தநாள் விழாவில் புதிது மாற்றுவார்கள். அவருக்குப் பக்கத்தில் மனைவி ஆன், அந்தப் பக்கம் மூத்த மகள் சுசன்னாவும் மருமகன் டாக்டர் ஜான் ஹாலும். பதினோரு வயதில் இறந்துபோன ஒரே மகன் ஹாம்னெட்டும் 1596இல் இந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம், அவன் கல்லறைக்கு மட்டும் அடையாளம் இல்லை.

தேவாலயத்தின் பின்பக்கம் ஏவன் ஆறு. அங்கிருந்து ஆற்றோரப் பூங்காக்கள் வழியாக நாடக அரங்குவரை நடந்தே வரலாம், வழியெல்லாம் பெஞ்ச் இருக்கிறது, அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம். நடுவில் ஒரு சங்கிலிப் படகு. 1937இலிருந்து ஓடுகிறது, மோட்டார் கிடையாது. ஆற்றுக்கு அடியில் கரைக்குக் கரை ஒரு சங்கிலி கிடக்கிறது, படகுக்காரர் கையால் ஒரு சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அது தண்ணீர் சொட்டிக்கொண்டே மேலே ஏறி, பல்லில் மாட்டி, பின்பக்கமாக மறுபடி உள்ளே இறங்கும், படகு அக்கரைக்கு நகரும். இரண்டு மூன்று நிமிடம், சில்லறைக் காசு, கோடைக்காலம் மட்டும். அக்கரையில் இறங்கிப் புல்வெளி வழியாகத் திரும்பி வந்தால் தேவாலயக் கோபுரமும் அரங்கும் தண்ணீரில் தெரியும், போட்டோ எடுக்க அந்தப் பக்கம்தான் சரி. அன்னப்பறவைகள் நிறைய. ரொட்டி போடாதீர்கள், கிட்டே போய்ச் செல்ஃபி எடுக்கவும் போகாதீர்கள், குஞ்சு இருக்கும் சமயத்தில் துரத்தும்.

இந்த ஆற்றுக்கும் இலக்கியச் சுற்றுலாவுக்கும் ஒரு பழைய பகை உண்டு. 1769 செப்டம்பரில் லண்டன் நடிகர் டேவிட் காரிக் இங்கே மூன்று நாள் ஷேக்ஸ்பியர் விழா எடுத்தார், ஆற்றங்கரையில் பெரிய மர மண்டபம், வாணவேடிக்கை, கதாபாத்திரங்களின் ஊர்வலம் என்று ஏற்பாடு. மழை கொட்டி, ஆறு பெருகி மண்டபத்துக்குள் வந்து, ஊர்வலம் ரத்து. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று நாளில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் ஊர் சுற்றுலாத் தலமானது அதிலிருந்துதான் என்று சொல்லலாம். கொஞ்சம் தள்ளி 14 கல் வளைவுகளோடு நிற்கும் கிளாப்டன் பாலம் ஷேக்ஸ்பியர் பிறப்பதற்கு முந்தியது, ஊரிலிருந்து லண்டன் போய் மேயரான ஹியூ கிளாப்டன் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிக்கொடுத்தது. ஷேக்ஸ்பியர் லண்டன் போனது இதன் மேல்தான் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. இன்றைக்கும் லாரி, பஸ் எல்லாம் அதில் ஓடுகின்றன.

ஷாட்டரியில் இருக்கும் ஆன் ஹாத்தவே குடிசையைப் பலர் கேட்பார்கள். ஓலை வேய்ந்த பெரிய பண்ணை வீடு, மனைவி பிறந்த வீடு, அந்தக் குடும்பத்து வாரிசுகளே 19ஆம் நூற்றாண்டு முடியும்வரை அங்கே இருந்ததால் நம்பகமானது. அதன் தோட்டம் ஜூனில் பிரமாதமாக இருக்கும். ஊரிலிருந்து ஒரு மைல், நடக்க நல்ல பாதை, உங்கள் அம்மாவுக்கு டாக்ஸி. அரை நாள் போய்விடும், அதனால் நாடகம் வேண்டுமா இது வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வில்ம்கோட்டில் தாயார் மேரி ஆர்டனின் பண்ணை இருக்கிறது, அதற்கு இந்தத் தடவை நேரம் இல்லை. பல தலைமுறையாக அம்மா வீடு என்று காட்டிவந்தது பக்கத்து வீட்டுக்காரருடையது, உண்மையான வீடு அடுத்தது என்று 2000இல்தான் கண்டுபிடித்தார்கள். நல்லவேளையாக அந்த அடுத்த வீடும் ஏற்கெனவே ஷேக்ஸ்பியர் குடும்பத்து வீடுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை கையில் இருந்தது.

கடைசியாக நாடகம். முதல் அரங்கு ஊர் பீர் ஆலை முதலாளி சார்லஸ் ஃபிளவர் முயற்சியில் 1879இல் கட்டியது, 1926இல் எரிந்துபோனது. 1932இல் திறந்த புதிய அரங்கை வடிவமைத்தவர் எலிசபெத் ஸ்காட் என்ற பெண் கட்டடக் கலைஞர், அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஊர்க்காரர்கள் ஜாம் ஃபாக்டரி என்று கிண்டல் செய்தார்கள், வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் சுவரைப் பார்த்து உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். 2010இல் உள்ளே முழுக்க மாற்றி, மேடையைப் பார்வையாளர் நடுவே நீட்டிவிட்டார்கள். மூன்று பக்கமும் ஆட்கள், கடைசி வரிசையிலிருந்தும் நடிகரின் முகம் தெரியும்.

ஆங்கிலம் புரியாதே என்று பயப்படவேண்டாம். அந்தப் பழைய ஆங்கிலம் அங்கே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்களிலும் பாதிப் பேருக்கு முழுசாகப் புரியாது. முந்தின நாள் கதையை மட்டும் படித்துக்கொண்டு போங்கள். கதை நமக்கு அந்நியமும் இல்லை, பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்தனாக்கி மேடையேற்றி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சில காட்சிகளில் வசனத்தைத் திரையில் எழுத்தாகவும் போடுவார்கள், டிக்கெட் எடுக்கும்போதே அந்தத் தேதியைத் தேடுங்கள். மலிவு டிக்கெட் மேல் மாடியில், அம்மா வருவதால் லிஃப்ட் பக்கமாக இருக்கை கேட்டு வாங்குங்கள். இரவுக் காட்சி முடிய பத்து மணி ஆகிவிடும், அதற்குப் பிறகு லண்டன் திரும்ப ரயில் கிடைப்பதை நம்பாதீர்கள். மதியக் காட்சி உள்ள வியாழன் அல்லது சனிக்கிழமையாகப் பாருங்கள், ஆனால் அரங்கின் அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் முதலில் நாடக டிக்கெட்டை எடுத்துவிட்டு, அந்த நாளுக்கு ரயில் டிக்கெட்டைப் போடுங்கள்.